ஒரு மூட்டை யூரியா கூடுதலா போட்டா என்ன ஆகும்?

நாலு வருஷமா கணக்குப் பரீட்சையில 'அதிகபட்சம் கண்டுபிடி'ன்னு வந்தா, டெரிவேட்டிவ் எடுத்து பூஜ்யத்துக்கு சமம்னு போட்டு மார்க் வாங்கிட்டு வந்துடுவேன். அதுக்கு என்ன அர்த்தம்னு போன சம்பாவுலதான் புரிஞ்சது.

எங்க ஊர் செலியமேடு, பாகூர் கொம்யூன். பெரியப்பாவுக்கு அங்க ஒரு காணி நெல் நிலம். டிஏபி விலை கட்டுப்படியாகலன்னு அதை விட்டுட்டு, பயிர் வெளுக்கும்போதெல்லாம் யூரியா தூவினார். மொத்தம் அஞ்சு மூட்டை. பயிர் கரும்பச்சையா, பார்க்கவே அழகா இருந்தது. கதிர் முத்துற நேரத்துல ஒரு மழை பெய்ஞ்சது, அவ்வளவுதான். பாதிக்கு மேல சாய்ஞ்சு தண்ணியில கிடந்தது. பக்கத்து வரப்புக்கு அந்தாண்ட அதே ரகம் நிமிர்ந்து நின்னுச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். மத்திய கால நெல்லுக்குத் தமிழ்நாட்டுல பொதுவா சொல்ற அளவு, ஹெக்டேருக்கு தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50. தழைச்சத்துங்கறது நைட்ரஜன், மணிச்சத்து பாஸ்பரஸ். மண் பரிசோதனை பண்ணினா இந்த அளவு கூடலாம், குறையலாம்.

நம்ம பக்கம் ஒரு காணி 100 குழி, அதாவது 1.32 ஏக்கர், 0.535 ஹெக்டேர். அப்போ காணிக்கு தழைச்சத்து 80 கிலோ, மணிச்சத்து 27 கிலோ வேணும். டிஏபியில 46 சதவீதம் மணிச்சத்து, 18 சதவீதம் தழைச்சத்து. 58 கிலோ டிஏபி போட்டா மணிச்சத்து முழுசா வந்துடும், கூடவே 10 கிலோ தழைச்சத்தும் கிடைக்கும். மீதி 70 கிலோவுக்கு, 46 சதவீதம் தழைச்சத்து இருக்கற யூரியா 152 கிலோ. 45 கிலோ மூட்டைக்கு மூணே கால் சொச்சம். பெரியப்பா போட்ட அஞ்சு மூட்டை ஹெக்டேர் கணக்குல 190 கிலோவைத் தாண்டுது. மணிச்சத்து பூஜ்யம்.

கூடுதல் உரம் ஏன் கூடுதல் நெல்லாகல? ஒரு மாதிரிக் கணக்கு பாருங்க (எண்கள் புரியறதுக்காக நான் போட்டவை):

மகசூல் = 3000 + 30 × த − 0.1 × த × த

'த' தழைச்சத்து, எல்லாம் ஹெக்டேருக்கு கிலோவுல. 0 போட்டா 3000. 50 போட்டா 4250. 100க்கு 5000. 150க்கு 5250. 200க்கு மறுபடி 5000. முதல் 50 கிலோ 1250 கிலோ நெல் தருது, மூணாவது 50 கிலோ 250தான் தருது, நாலாவது 50 கிலோ 250ஐப் பிடுங்கிக்குது. டெரிவேட்டிவ் பூஜ்யமாகற இடம் 150.

அந்த இடத்துக்கு அப்புறம் வயல்ல நடக்கறது இதுதான். தண்டு நீண்டு மெலியுது, பயிர் சாயுது. இலை கொழகொழன்னு ஆகி குலை நோய், புகையான், இலைச்சுருட்டுப் புழு எல்லாம் சுலபமா வருது. மிச்ச தழைச்சத்துல ஒரு பங்கு அம்மோனியாவா காத்துல போயிடுது.

சரி, மணிச்சத்து எதுக்கு? கல்யாண வீட்டுல மூணு அண்டா சோறு வடிச்சுட்டு, சாம்பார் ஒரு வாளிதான் வெச்சா எத்தனை பேர் சாப்பிட முடியும்? சாம்பார் இருக்கற வரைக்கும்தான். எந்தச் சத்து குறைச்சலோ அதுதான் மகசூலை முடிவு பண்ணுது. இதை லீபிக் விதின்னு சொல்வாங்க. மணிச்சத்து வேருக்கும் தூர் கட்டறதுக்கும் ஆரம்பத்துலயே வேணும், அதனால அடியுரமாவே முழுசா போட்டுடுவாங்க. மண்ணுல நகராது, அங்கேயே தங்கும். தழைச்சத்து அப்படி இல்ல, ஓடிடும். அதான் நாலு தவணையா பிரிச்சுப் போடறது: அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது.

இதெல்லாம் ஒரே போகத்துல தெரியற விஷயம் இல்ல. இங்கிலாந்தில ரோதாம்ஸ்டெட்ங்கற இடத்துல 1843ல கோதுமை வயலைப் பாத்தி பாத்தியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற உரம் போட ஆரம்பிச்சாங்க. இன்னும் அது நடக்குது. நம்ம கோயம்புத்தூர்லயும் 1909ல இதே மாதிரி நிரந்தர உரச் சோதனை தொடங்கினாங்க.

பெரியப்பா மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது. யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய், தழைச்சத்து கிலோ 13 ரூபாய்க்குள்ள வந்துடுது. டிஏபி 50 கிலோ மூட்டை 1350. அதுல இருக்கற தழைச்சத்தோட விலையைக் கழிச்சா மணிச்சத்து கிலோ 54 ரூபாய் ஆகுது. நாலு மடங்கு! 2010ல சத்து அடிப்படை மானியம் வந்தப்போ யூரியாவை மட்டும் அதுக்கு வெளியில வெச்சாங்க. கை எந்த மூட்டைக்குப் போகும்னு நீங்களே சொல்லுங்க.

இதையெல்லாம் நோட்டுல எழுதி அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பயிரு வெளுத்தா உன் நோட்டா வந்து தூவும்?"னு கேட்டார். அதுக்குத்தான் இலை வண்ண அட்டை இருக்கு. நட்டு 14 நாள்லேர்ந்து வாரம் ஒரு தடவை இலையை அட்டையோட ஒப்பிட்டு, நிறம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழ போனா மட்டும் யூரியா போடணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகங்களுக்கு 4.

கடைசியில ஒத்துக்கிட்டார், பாதி. "ஐம்பது குழி உன்னுது, ஐம்பது குழி என்னுது. அறுப்புல பார்க்கலாம்டா."

ரெண்டே பாத்தி, ரெப்ளிகேஷன் கிடையாது, ஆய்வுன்னு சொன்னா எங்க புரொஃபசர் சிரிப்பார். ஆனா ரகம் ஒண்ணு, தண்ணி ஒண்ணு, நட்ட நாளும் ஒண்ணு. நடுவுல ஒரு வரப்பு போட்டிருக்கோம். தராசுல ஏத்தினதும் ரெண்டு எடையையும் இங்கயே எழுதறேன், நான் தோத்தாலும்.