கண்புரையும் ஊர் தேடி வந்த மருத்துவர்களும்

கோலார் தங்கவயலில் முதியவர்களுக்குக் கண் மங்கினால், ‘வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்’ என்று திண்ணையில் உட்காரவைத்துவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதை மாற்றியவர்கள் ஊர் தேடி வந்த கண் மருத்துவர்கள். கர்நாடகத்தில் இப்பணிக்குப் பெயர்போனவர் டாக்டர் எம். சி. மோடி. 1940களில் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று இலவசமாக அறுவை செய்தார். ஒரே நாளில் 833 கண்புரை அறுவைகள் செய்ததாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். 1956ல் பத்மஸ்ரீ, 1968ல் பத்மபூஷண் பெற்ற அவர் 2005ல் மறைந்தார்.

அதே வழியில் தொண்டு செய்த வேறொரு மருத்துவர் எங்கள் ஊரில் முகாம் நடத்த வந்தபோது, மூன்று முறை அவரை வீட்டில் தங்கவைக்கும் பேறு எனக்குக் கிட்டியது. விருந்து வேண்டாம் என்பார். கேட்டவை மூன்றே: கொதிக்கவைத்த நீர், ஈ அண்டாத அறை, ஒவ்வொரு நோயாளிக்கும் துணையாக ஓர் உறவினர். இரவில் டார்ச் லைட்டுடன் பள்ளிக்கூடத்துக்குப் போய், கட்டுப் போட்டுப் படுத்திருப்போரை ஒவ்வொருவராகப் பார்த்த பிறகே சாப்பிட உட்காருவார்.

எங்கள் வரிசையில் சுரங்கத் தொழிலாளியின் விதவையான ஒரு பாட்டி, “கத்தி பட்டா இருக்கிற வெளிச்சமும் போயிடும் சாமி” என்று மறுத்தார். மருத்துவர் கோபிக்கவில்லை. திண்ணையில் அருகே அமர்ந்து, கன்னடம் கலந்த தமிழில், “ஜன்னல்ல அழுக்கு படிஞ்சா வீட்டையா இடிப்போம், பாட்டி? கண்ணாடியை மட்டும் மாத்துவோம்” என்றார். மறுநாள் பாட்டி தானே வந்தார். சில வாரங்கள் கழித்து, அதுவரை முகம் பார்த்திராத தன் பேத்தியைப் பார்த்து, “இவ என் மாமியா ஜாடை” என்றார்.

ரயில்வேக்காரன் முறையில் சொல்கிறேன். சிக்னல் விளக்கில் திரி நன்றாக எரியும். முன்னுள்ள கண்ணாடியில் புகை படிந்தால் ஓட்டுநருக்கு ஒளி எட்டாது. கண்புரையும் அப்படியே. கண்மணிக்குப் பின்னுள்ள வில்லை வெளுத்துப்போகிறது. அந்நாளில் வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக்கண்ணாடி தருவார்கள். 1949ல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்திக் காட்டினார். 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தவர் அவர். 1992ல் தொடங்கிய அரோலேப், செயற்கை வில்லையை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தயாரித்தது. கிருமித்தொற்று அபாயத்தால், இப்போது முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவைக்கு மருத்துவமனைக்கே அழைத்துச் செல்கிறார்கள்.

நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. புரை முற்றட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

2. மங்கல் எல்லாம் புரையல்ல. கண் நீர் அழுத்த நோயால் போன பார்வை திரும்பாது. ஆகவே பரிசோதனை அவசியம்.

3. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்ட வேண்டும்.

4. சொட்டு மருந்தால் புரை கரையாது.

2001ல் சுரங்கம் மூடிய பின், நம் பிள்ளைகள் விடியலில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். அம்மா உப்பு டப்பாவைத் தடவித் தேடுவது அவர்கள் கண்ணில் படுவதில்லை. அவளாகச் சொல்லவும் மாட்டாள். ஒரு நாள் விடுப்பு எடுத்து அழைத்துச் செல்லுங்கள்.