கானமயிலைத் தேடிப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜெய்சல்மேரில் கானமயில் ஆய்வுத் திட்டத்தில் களப்பணி கிடைத்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். மயிலாடுதுறையில் வனவிலங்கு உயிரியல் படித்துவிட்டு நாடெங்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளில் புல்வெளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. புலி, யானை என்றால் உடனே கிளம்பிவிடுவார்கள். நீ வேறு வழியைத் தேர்ந்திருக்கிறாய். அது எளிதான வழி இல்லை என்பதும் உனக்குத் தெரிந்தே இருக்கும்.

நீ கேட்ட கேள்விகள் எல்லாம் பறவையைப் பற்றியவை. ஆண் பறவை எப்போது ஆடும், முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது, எத்தனை தூரத்தில் நின்று பார்ப்பது. நிலத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அது யாருடைய நிலம், யார் அதில் ஆடு மேய்க்கிறார்கள், வருவாய்த்துறை ஏட்டில் அதை என்னவென்று எழுதியிருக்கிறார்கள்? கானமயில் பிழைக்குமா அழியுமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் நிலத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்டவற்றுக்குப் பதில். கோடை முற்றி மழைக்காலம் தொடங்கும் நாட்களில் ஆண் பறவை மேடான இடமாகப் பார்த்து நின்று கழுத்துப் பையை ஊதித் தொங்கவிட்டுக்கொண்டு ஆடும். ஒரு மீட்டர் உயரம், 15 கிலோவரை எடை. பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. பெட்டை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். நான்கு வாரம் போல அடைகாக்கும். ஆணுக்கு அதில் பங்கே இல்லை. குஞ்சு நெடுநாள் தாயை ஒட்டியே திரியும். இதில் நீ மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான். இவ்வளவு மெல்லப் பெருகுகிற பறவையில், வளர்ந்த பெட்டை ஒன்று செத்தால் அந்த இழப்பைச் சரிக்கட்டப் பல வருடம் ஆகும்.

கூட்டைத் தேடிப் போகாதே. உன் மேலாளர் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய, தெரிந்தாலும் நெருங்காதே. நீ நெருங்கினால் தாய் எழுந்து போகும். வெயிலில் முட்டை கொதிக்கும், அல்லது காகமும் நரியும் நாயும் வந்து சேரும். உன் காலடித் தடத்தைப் பின்பற்றிக் கேமராக்காரர்களும் வருவார்கள். கைபேசியில் எடுத்த படத்தை யாருக்காவது அனுப்பும்போது இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்பு. பறவை எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறது என்று வீட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். 150-க்கும் குறைவாக எஞ்சியிருக்கிற ஒரு பறவையைப் பார்க்கத் துடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த ஆசையும் அதற்கு ஆபத்துதான்.

1969-ல் நாட்டில் சுமார் 1,260 கானமயில்கள் இருந்ததாகக் கணித்தார்கள். ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட மேய்ச்சல் நிலங்கள்வரை பரவியிருந்த பறவை இது. ஜீப்பில் துரத்தி வேட்டையாடிய காலத்தில் பெருவாரியாக அழிந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கானமயில் முதல் அட்டவணையில் சேர்ந்தது, வேட்டையும் குறைந்தது. ஆனாலும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போயிற்று. குஜராத்தின் கட்ச்சில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டைகள் மட்டுமே. அங்கே பல வருடங்களாக ஆண் பறவையே இல்லை. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் பறவை ஏன் குறைந்தது என்ற கேள்வியோடு நீ களத்துக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கு விடை சொல்லக்கூடிய ஓர் ஊர் கரேரா, மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் இருக்கிறது. 1981-ல் கானமயிலுக்கென்று அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லைக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. நிலத்தில் பெரும்பகுதி உழவர்களின் சொந்த நிலமும் வருவாய்த்துறை நிலமும். அறிவிப்பு வந்ததும் சொந்த நிலத்தை விற்க முடியாமல் போயிற்று. மகள் கல்யாணம், வைத்தியச் செலவு, கடன் என்று வரும்போது ஒரு சம்சாரி வேறு எதை விற்பான்? பாதுகாப்பு கிடைத்ததும் வெளிமான்கள் பெருகிப் பயிரை மேய்ந்தன. அந்தக் கோபமும் பறவையின் தலையில் விழுந்தது. முதல் சில வருடங்கள் கானமயில் நன்றாகவே இருந்தது. 1990-களின் நடுவில் அங்கே ஒன்றுகூட இல்லை. பறவை போய்ச் சேர்ந்த பிறகும் தடை மட்டும் வெகுகாலம் அந்த மக்களின் மேல் கிடந்தது. இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். பறவையையும் இழந்தோம், அதன்மேல் மனிதருக்கு இருந்த பரிவையும் இழந்தோம்.

மற்ற இடங்களின் கதை வேறுவேறாக இருந்தாலும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கர்நாடகத்தின் ராணிபென்னூரில் புல்வெளியில் தைலமரம் நட்டார்கள். மகாராஷ்டிரத்தில் நானஜ் சரணாலயத்தை 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக, நகரங்களும் நெடுஞ்சாலைகளும் உள்ளே வரும்படி அறிவித்தார்கள், பிறகு வெகுவாகச் சுருக்கினார்கள். அதற்குள் அது இருக்கும் சோலாப்பூரில் கரும்பு வேர் பிடித்துவிட்டது. ஆந்திரத்தின் ரோல்லபாடில் கால்வாய்த் தண்ணீர் வந்ததும் சுற்றிலும் மானாவாரிப் பயிர் மறைந்தது. தண்ணீர் வந்ததைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் கானமயில் சரணாலய வேலிக்குள் மட்டும் வாழும் பறவை இல்லை. புல்வெளி, தரிசு விட்ட காடு, கடலையும் சோளமும் விளையும் புன்செய் மூன்றும் அதற்கு வேண்டும். வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, இலந்தைப்பழம் என்று எல்லாவற்றையும் தின்னும். வேலிக்கு வெளியே பிழைப்பு மாறும்போது உள்ளே எத்தனை காவலர் நின்றாலும் போதாது.

மரம் இல்லாத நிலம் என்றால் பாழ்நிலம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அரசும் புல்வெளிகளைத் தரிசுநிலக் கணக்கிலேயே சேர்த்து வந்திருக்கிறது. தரிசுதானே என்று ஒருவர் மரம் நடுவார், இன்னொருவர் தொழிற்சாலை கட்டுவார், இப்போது சூரியமின் தகடுகளை விரிக்கிறார்கள். நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்குகள் எப்படிக் கரைந்தன என்று தாத்தாவைக் கேட்டுப் பார். கீதாரிகள் இன்று கிடை போட இடம் தேடி எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்றும் கேள். தார்ப் பாலைவனத்து மேய்ச்சல்காரர்களின் பாடு உனக்கு அப்போது பாதி விளங்கிவிடும்.

அங்கே செவண் என்றொரு புல் உண்டு. மழை பொய்த்தாலும் வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடும் மாடும் ஒட்டகமும் அதை நம்பி வாழ்கின்றன. கானமயிலும் அதனிடையேதான் வாழ்கிறது. தெய்வத்துக்கென்று விடப்பட்ட ஓரண் என்னும் பொதுநிலங்களிலும் இந்தப் புல் இருக்கும். அங்கே மரம் வெட்டமாட்டார்கள், உழமாட்டார்கள், மேய்க்க மட்டும் செய்வார்கள். பல ஓரண்கள் வருவாய் ஏட்டில் ஓரண் என்று பதிவாகவில்லை. அரசு நிலம் என்றே இருக்கின்றன. அதனால் மின் நிறுவனங்களுக்கு ஒதுக்குவதும் எளிதாகிறது. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரணைக் காக்க அந்த ஊர் மக்கள் நடைபயணம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2024 டிசம்பரில் ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து காடாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பிறந்த வழக்கு, நீலகிரி கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-ல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாட் வழக்கு. நம் மலையில் கிளம்பிய வழக்கு பாலைவனம்வரை போயிருக்கிறது. ஆனால் காடாக அறிவித்தால் மேய்ச்சலைத் தடுப்பார்களோ என்று அதே மக்கள் அஞ்சுகிறார்கள். கரேராவை அறிந்தவர்கள் அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. நீயும் தள்ளிவிடாதே.

இனி கம்பி. வளர்ந்த பறவைகளை இன்று அதிகமாகக் கொல்வது மின்கம்பிதான். தென்னாப்பிரிக்காவில் இதன் உறவுப் பறவையான கோரி கானமயிலின் கண்களை ஆராய்ந்து 2010-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பறக்கும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கீழே பார்த்தால் நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. வெட்டவெளியில் வாழும் பறவைக்குக் கோடிக்கணக்கான வருடங்களாக முன்னால் எதுவும் குறுக்கிட்டதில்லை. இப்போது குறுக்கே கம்பி வந்துவிட்டது. கம்பி கண்ணில் படும்போது இவ்வளவு கனமான உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடிவதில்லை. பாலைவனத் தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றியும் 4,200 சதுர கிலோமீட்டரில் எல்லா இனங்களும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 84,000 பறவைகள் கம்பியில் மோதிச் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் கணித்திருக்கிறது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது. புதைக்க முடியாத இடங்களில் பறவைக்குத் தெரியும்படி தகடு மாட்டச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்தப் பொதுவான உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சூரியமின்சாரமும் காற்றாலையும் தேவை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அது பொய் இல்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அவசியம் தெரியும். ஆனாலும் என் கருத்தை ஒளிக்கமாட்டேன். கம்பியின் பாதையை மாற்றலாம், சூரியப் பண்ணைக்கு வேறு இடம் தேடலாம். கானமயிலுக்கு வேறு இடம் இல்லை. புதைக்கும் செலவு அதிகம் என்று சொல்கிறவர்கள் அந்தக் கணக்கில் இந்தப் பறவைக்கு என்ன விலை போட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உன் வேலை வருகிறது. எந்தக் கம்பி எங்கே போகிறது, அதன் கீழே எத்தனை சடலம், எந்த இனம், எத்தனை நாள் பழையது என்று வெயிலில் கம்பிக்கடியே நடந்து எழுதுகிறவர்கள் இல்லாவிட்டால் எந்தக் குழுவும் வரைபடத்தில் கோடு போட முடியாது. அலுப்பான வேலை. நாட்கணக்கில் ஒரு கானமயிலும் கண்ணில் படாமல் கம்பிக்கடியில் நடப்பாய். நாயும் நரியும் சடலத்தை இழுத்துப் போயிருக்கும், சிறகு மட்டும் கிடக்கும். சிறகையும் எழுது. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுது. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் ஆசை வரும், நல்ல காரணத்துக்காகவே வரும். கூட்டாதே. ஒரு பொய்க்கணக்கு வெளியானால் பத்து வருட உண்மைக்கணக்கைத் தூக்கியெறிய ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

செத்த மாடுகளைக் கொட்டும் இடங்களையும் குறித்துக்கொள். நாய்கள் அங்கேதான் பெருகுகின்றன.

கூண்டில் வளர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2019-ல் ஜெய்சல்மேர் மாவட்டத்துச் சாமில் தொடங்கி, பிறகு ராம்தேவ்ராவிலும் மையம் அமைத்தார்கள். புல்வெளியில் எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்த்த பறவைகள் இப்போது தாமே முட்டையிடுகின்றன. 2024-ல் ராம்தேவ்ராவில் ஓர் ஆண் பறவையைப் பொம்மைப் பெட்டைக்குப் பழக்கி, அதன் விந்துவைச் சாமுக்குக் கொண்டுபோய்ப் பெட்டைக்குச் செலுத்தினார்கள். அக்டோபரில் குஞ்சு பிறந்தது. அப்படிச் செயற்கைமுறையில் பிறந்த முதல் கானமயில் அதுதான். அந்த வருட இறுதிக்குள் மையங்களில் 40-க்கும் மேல் சேர்ந்துவிட்டன. அந்தக் குழுவின் பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பறவைகளை ஒருநாள் திறந்துவிட வேண்டும். கம்பியும் நாயும் இல்லாத செவண் புல்வெளி அன்றைக்கு எங்கே இருக்கும்? மையத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கவலைதான். புல்வெளி வேலையையும் கூண்டு வேலையையும் எதிரெதிராகப் பேசுகிற கூட்டத்தில் சேராதே.

ராதேஷ்யாம் பேமானி பிஷ்னோயின் பெயரை அங்கே கேள்விப்படுவாய். பொக்ரான் பக்கத்து தோலியா கிராமத்துக்காரர். கோடையில் தொட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவர், கம்பியில் அடிபட்ட கானமயில்களைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டியவர். 2025 மே மாதம் வேட்டைக்காரர்கள் நடமாட்டம் பற்றித் தகவல் வந்து இரவில் கிளம்பிப் போனபோது, சாலை விபத்தில் ஒரு வனக்காவலரோடும் தோழர்களோடும் இறந்துபோனார். வயது 28. நீ அங்கே எடுக்கப்போகும் தகவலில் எத்தனையோ இந்த மாதிரி உள்ளூர் ஆட்கள் சொல்லித்தான் வரும். அவர்கள் பெயரை உன் அறிக்கையில் போடு. கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் ஒதுக்காதே. உழைப்புக்கு ஏற்ற இடம் எதுவோ அங்கே போடு. இதற்காக மேலிடத்தோடு வாதாட வேண்டி வந்தால் வாதாடு.

நம் ஊர் வி.ஏ.ஓ. போல அங்கே பட்வாரி இருப்பார். முதல் மாதத்திலேயே அவரைப் போய்ப் பார்த்து, நீ சுற்றப்போகும் நிலங்கள் ஏட்டில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று எழுதி வாங்கிக்கொள். மார்வாரி கற்றுக்கொள். இந்தி போதும் என்று சொல்வார்கள், போதாது. பகலெல்லாம் ஆடுகளோடு திரியும் பெண்களுக்கும் கிழவர்களுக்கும்தான் கோடாவண் எங்கே மேய்கிறது என்று தெரியும். கானமயிலை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எடுத்த எடுப்பில் பறவையைப் பற்றிக் கேட்காதே. இந்த வருடம் மழை எப்படி, புல் எப்படி, ஆட்டுக்கு நோய் ஏதும் உண்டா என்று கேள். அவர்கள் சொல்வதைக் கவனித்துக் கேள். அதுவும் உன் ஆய்வுதான்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. ஜூன் வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
உன் அண்ணன்