ஓர் அலகு மின்சாரத்தின் எடை

மாதந்தோறும் வரும் மின்சாரப் பட்டியலில் எத்தனை அலகு பாவித்தோம் என்பது இருக்கும். அதற்காக எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறியது என்பது இராது. அது அலகுக்கு அலகு மாறுபடும். அந்த வேறுபாட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் இரசாயனப் பாடம். 12 கிராம் காபன் முற்றாக எரியும்போது 32 கிராம் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் காபனீரொட்சைட்டாகிறது. ஆகவே, எரிந்த காபனை விட வெளிவரும் வாயுவின் எடை அதிகம். ஓர் அலகு மின்சாரத்துக்கு அண்ணளவாக 400 கிராம் நிலக்கரி தேவை. அதில் மூன்றில் இரண்டு பங்கு காபன் எனக் கொண்டால், வெளிவரும் வாயு 1 கிலோகிராமை நெருங்கிவிடும். நம்ப முடியாவிட்டால் கொப்பியில் செய்து பாருங்கள். நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றில் மின் பிறப்பிக்கும்போது எதுவும் எரிவதில்லை. அணைக்கட்டுக்கான சீமெந்து, சூரியத் தகடுகளின் உற்பத்தி போன்றவற்றால் வரும் பங்கு மிகச் சிறியது.

நமது நாடு ஒரு காலத்தில் பெரும்பாலும் நீரையே நம்பியிருந்தது. 1950 இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. 1996 இல் மழை பொய்த்தது. நாடெங்கும் பல மணி நேர மின்வெட்டு. அதன் பின் எண்ணெய் நிலையங்கள் பெருகின. 2011 இல் நுரைச்சோலையின் முதலாவது தொகுதி வந்தது. 2014 இல் மூன்று தொகுதிகளுமாக 900 மெகாவாற்று. நுரைச்சோலையைக் குறை கூறுவது எளிது. ஆனால் அந்த மின்வெட்டுக் காலத்தை உம்மாவிடம் கேட்டால், நிலக்கரி ஏன் வந்தது என்பது விளங்கும்.

இன்றும் மழைதான் கணக்கை மாற்றுகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் நிரம்பும். மன்னாரிலுள்ள 30 காற்றாலைகளும் வேகமாகச் சுழலும். பெப்ரவரி, மார்ச் மாத வெயிலில் நீர்மட்டம் இறங்க, நிலக்கரியும் எண்ணெயும் பாரத்தைச் சுமக்கும். அதே வீடு, அதே மின்விசிறி, ஆனால் காபன் கூடுதல்.

நாளுக்குள்ளும் இப்படித்தான். கூரைத் தகடுகள் நண்பகலில் அதிகம் தருகின்றன. மஃரிப் அதான் கேட்கும் நேரம் அவை ஓய்ந்துவிடும். அப்போதுதான் வீடுகளெல்லாம் விளக்குப் போடுகின்றன. அந்த மேலதிகத் தேவைக்கு நீருடன் எண்ணெயும் வேண்டியிருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் மின்தேவை குறைந்தது. கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. எரிபொருளே தேவைப்படாத மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் தேவைக்கும் உற்பத்திக்கும் சமநிலை குலைந்தால் முழு வலையமைப்பும் செயலிழக்கும்.

ஆகவே தகடுகளைக் கூட்டுவது மட்டும் போதாது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெரிய மின்கலங்கள் ஒரு வழி. மற்றது, பகலில் நீரை மேலுள்ள நீர்த்தேக்கத்துக்குப் பம்பி, இரவில் கீழே விட்டு மின் பிறப்பிப்பது. மகா ஓயாவில் அத்தகைய 600 மெகாவாற்று நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது.

அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. 1000 வாற்று மின்னழுத்தி ஒரு மணி நேரத்தில் ஓர் அலகைப் பாவிக்கும். எங்கள் வீட்டில் வாரத்துக்கான சீருடைகள் இப்போது சனிக்கிழமை ளுஹருக்கு முன்பே அழுத்தப்படுகின்றன. தண்ணீர் மோட்டாரையும் வாப்பா பகலிலேயே போடுகிறார்.