மின்வண்டியின் முகப்பு விளக்குக்கு ஒளிரும் சுவிட்சு அமைத்தல்

கொச்சியின் பழைய வாணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளுக்காக எழுந்த கிட்டங்கிகள் குறுகிய தெருக்களின் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. புகையும் இரைச்சலும் இல்லாத சிறிய மின்வண்டிகள் இத்தகைய இடங்களுக்கு மிகவும் ஏற்றவை. கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ‘நீம் ஜி’ என்னும் மின் ஆட்டோவை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2025 அக்டோபரில் கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகுத்துறை மட்டாஞ்சேரியிலும் திறக்கப்பட்டது. அதன் படகுகளும் பாட்டரியால் ஓடுவனவே. ஆயினும் இவ்வண்டிகளைச் செப்பனிடுவோரில் பலர் பெட்ரோல் வண்டியில் தொழில் கற்றவர்கள். அங்கே பழகிய கைவழக்கம் இங்கே சில இடங்களில் தீங்கு விளைவிக்கும்.

கோல்ஃப் மைதான வண்டி பகலில் புல்வெளியில் செல்வதற்கென அமைந்தது. ஆதலால் பல வண்டிகளில் முகப்பு விளக்கே இராது. அவ்வண்டி விடுதி, மருத்துவமனை, கல்லூரி வளாகங்களுக்கு வந்தபின் விளக்கைப் பின்னர்ப் பொருத்த வேண்டியதாயிற்று. ஓசையின்றி வரும் வண்டியை நடப்பவர் காதால் அறிய இயலாது. இருட்டில் விளக்கு ஒன்றே அவருக்கு எச்சரிக்கை. கொச்சி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருப்பதால் அந்தியொளி நெடுநேரம் நில்லாது. கதிரவன் மறைந்த அரை மணிக்குள் இருள் சூழ்ந்துவிடும். (பதிவு பெறாத வண்டி பொதுச் சாலையில் செல்ல 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடந்தராது என்பதையும் விளக்குப் பொருத்துவோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். விளக்கு இருப்பதனாலேயே வண்டி சாலைக்கு உரியதாகிவிடாது.)

முதற்கண் மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரிகள் நான்கு தொடராக இணைந்து 48 வோல்ட் தருவதாகவும், ஒவ்வொன்றின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி எனவும் கொள்வோம். விளக்குகளோ 12 வோல்ட்டுக்கு உரியவை. நான்கனுள் ஒரு பாட்டரியின் இரு முனைகளிலிருந்து கம்பி இழுத்துவிடுவது பலரும் மேற்கொள்ளும் எளிய வழி. விளக்கும் எரியும். ஆனால் 36 வாட் விளக்குத் தொகுதி 3 ஆம்பியர் கொள்ளும். நாள்தோறும் நான்கு மணி நேரம் எரிந்தால் 12 ஆம்பியர்-மணி அந்த ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கழிகிறது. மின்னேற்றும்போது நான்கிற்கும் ஒரே மின்னோட்டமே செல்கின்றமையால், களைத்த பாட்டரி நிறையுமுன் ஏனைய மூன்றும் நிறைந்து, மிகுதியான மின்னேற்றத்தால் கொதித்து நீர் வற்றுகின்றன. சில மாதங்களில் ஒரு பாட்டரி கெட்டது என்று மாற்றுவர். பின்னர் மற்றொன்று கெடும். குற்றம் பாட்டரியில் இல்லை, விளக்குக் கம்பியில் இருக்கிறது என்பதை எவரும் ஐயுறுவதில்லை.

48 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றி ஒன்றை இடையில் வைப்பதே முறையானது. மாற்றியின் திறன் நூற்றுக்கு 90 எனில், 36 வாட் விளக்குக்கு அது 40 வாட் வாங்கும்; அஃதாவது 48 வோல்ட்டில் சுமார் 0.83 ஆம்பியர். நான்கு மணி நேரத்தில் நான்கு பாட்டரிகளும் சமமாக 3.3 ஆம்பியர்-மணி இழக்கும். வண்டி ஓடும் தொலைவில் இதனால் ஏற்படும் குறைவு பொருட்படுத்தத் தக்கதன்று. மாற்றியின் உள்ளீட்டுக் கம்பியில், பாட்டரிக்கு மிக அருகில், பியூஸ் இருத்தல் வேண்டும். கார்களில் பயிலும் சாதாரணத் தகட்டுப் பியூஸ் 32 வோல்ட்டுக்கே உரியது. 48 வோல்ட்டுப் பக்கத்தில் அது உருகினாலும் பொறி நின்றெரியக்கூடும். 58 வோல்ட்டோ அதற்கு மேலோ குறிக்கப்பட்ட பியூஸையே அங்கு இடுக.

இனி ஒளிரும் சுவிட்சைக் கவனிப்போம். சாதாரணச் சுவிட்சுக்கு இரண்டு கால்கள் போதும். இதற்கு மூன்று உண்டு. ஒன்று மின்சாரம் வரும் கால். இரண்டாவது விளக்குக்குச் செல்லும் கால். மூன்றாவது எதிர்முனைக்குரிய கால். சுவிட்சினுள் இருக்கும் சிறு காட்டி விளக்கு இரண்டாவது கால், மூன்றாவது கால் ஆகியவற்றிற்கு இடையே அமைந்துள்ளது. சுவிட்சை மூடியதும் இரண்டாவது காலில் மின்னழுத்தம் வருகிறது, காட்டி ஒளிர்கிறது.

இவ்வமைப்பை மனத்திற் கொண்டால் தவறான இணைப்பு ஒவ்வொன்றும் எவ்வாறு வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மூன்றாவது கால் இணைக்கப்படாவிடில் முகப்பு விளக்கு எரியும், காட்டி மட்டும் எரியாது. முதற் காலையும் இரண்டாவது காலையும் மாற்றிவிட்டால் முகப்பு விளக்கு ஒழுங்காகவே அணைந்து எரியும். காட்டியோ சுவிட்சு எந்நிலையில் இருப்பினும் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது கால்கள் மாறிவிட்டாலோ, சுவிட்சைத் திறந்துவைத்திருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது. மூடிய கணத்தில் நேர்முனை நேரே எதிர்முனையைத் தொட்டுப் பியூஸ் உருகும். பியூஸ் இல்லாத இடத்தில் கம்பியின் உறை பற்றிக்கொள்ளும். பட்டறையில் பகலில் பொருத்தி, எரியவிட்டுப் பாராமல் அனுப்பிய வண்டியில் இவ்விபத்து முதன்முதலாக இரவில், பயணிகள் அமர்ந்திருக்கும்போது நிகழும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுவிட்சை 48 வோல்ட்டுப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கப்படுவதுண்டு. வைக்கலாகாது என்பதே நேரான விடை. அதற்குக் காரணங்கள் இரண்டு. 12 வோல்ட்டுக்குச் செய்த காட்டியில் ஒளியுமிழ் டையோடுடன் ஏறத்தாழ 670 ஓம் தடை இருப்பதாகவும், டையோடு 2 வோல்ட் கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் ஓடும். தடையில் வெளிப்படும் வெப்பம் 0.15 வாட். 48 வோல்ட்டில் மின்னோட்டம் 69 மில்லி ஆம்பியர் ஆகும். வெப்பமோ 3 வாட்டையும் கடந்து இருபது மடங்குக்கு மேல் பெருகும். மிளகளவே உள்ள தடை அதைத் தாங்காது. இரண்டாவது காரணம் பொறி. வீட்டு மின்சாரம் மாறு மின்னோட்டம்; விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சின் தொடுமுனைகளிடையே எழும் பொறி தானே அணையும். பாட்டரியின் நேர் மின்னோட்டத்துக்கு அத்தகைய இடைவேளை இல்லை. ஆகவே ‘250 வோல்ட், 6 ஆம்பியர்’ என்று பொறிக்கப்பட்ட வீட்டுச் சுவிட்சை, 48 வோல்ட்தானே என்று எளிதாக எண்ணி இங்கே வைப்பது தவறு.

கம்பியின் பருமனும் சிந்திக்கத்தக்கது. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். போகவர 6 மீட்டர் எனில் 0.1 ஓம். 55 வாட் ஆலசன் விளக்குகள் இரண்டு 9 ஆம்பியருக்கு மேல் கொள்ளும்; வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் விரைவாகக் குறைவதாகையால், நாலில் ஒரு பங்கு ஒளி இவ்வாறு வீணாகும். டையோடு விளக்குக்கு 3 ஆம்பியரே போதுமாதலின் அதே கம்பி போதுமானது. ஆலசன் விளக்கே வேண்டுமெனில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், சுவிட்சுக்குப் பதிலாகச் சுமையைத் தாங்கும் ஒரு ரிலேயும், அச்சுமைக்குப் போதிய மாற்றியும் தேவை. எதிர்முனைக்கு வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பயன்படுத்தும் பெட்ரோல் வண்டி வழக்கம் இங்கே ஆகாது. இவ்வண்டிகளின் பாட்டரித் தொகுதி சட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டிருப்பது வழக்கமாதலின், விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனித் திரும்புகம்பி இடுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஒரு பலகை, ஒரு 12 வோல்ட் பாட்டரி, ஒளிரும் சுவிட்சு, சிறு டையோடு விளக்கு ஆகியவற்றைக் கொண்டு நடத்திக் காட்டலாம். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் 21 வாட் கார் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துவிட்டால், மாணவர் மூன்று தவறுகளையும் அச்சமின்றிச் செய்து பார்க்கலாம். கால்கள் மாறிக் குறுக்குச் சுற்று ஏற்படும்போது அந்தப் பல்பு முழு ஒளியுடன் எரிந்து செய்தியைச் சொல்லும், எதுவும் கருகாது.

மாணவர் அவசியம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காட்டி எரிந்தால் முகப்பு விளக்கு எரிகிறது என்று பொருளா? இல்லை. சுவிட்சின் இரண்டாவது காலில் மின்னழுத்தம் உள்ளது என்பது மட்டுமே பொருள். விளக்கு பழுதாகியிருந்தாலும், அதற்குச் செல்லும் கம்பி அறுந்திருந்தாலும் காட்டி தன்பாட்டில் ஒளிரும். பகலில் விளக்கை அணைக்க மறந்ததை நினைவூட்டுவதற்கு அது பயன்படும். இரவில் புறப்படுமுன் வண்டியைச் சுவரை நோக்கி நிறுத்தி, இரண்டு ஒளிவட்டங்களையும் கண்ணால் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

வேலை தொடங்குமுன் பாட்டரித் தொகுதியின் முதன்மை எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றை அகற்றுக. மின்னேற்றம் நடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். மட்டாஞ்சேரி போன்ற உப்பங்கழிக் கரையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழையும் அக்டோபரில் மற்றொரு மழையும் பெய்யும் ஊரில், வெற்றுச் செம்பு விரைவில் பச்சை பூக்கும். வெள்ளீயம் பூசிய கம்பியையே வாங்குக. முனைகளை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதை விடுத்து, நசுக்கு முனையிட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுக. சுவிட்சுக்கு வரும் கம்பியைச் சற்றுத் தாழ வளைத்துப் பின் மேலேற்றினால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். சுவிட்சின் கால்களை எட்டாது. பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும் ஓய்ந்தபின் ஒருமுறையும், விளக்கை எரியவிட்டு, மாற்றியின் வெளியீட்டிலும் விளக்கின் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து பதிவேட்டில் எழுதுக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முன்னைய அளவைக் காட்டிலும் கூடியிருந்தால், இடைப்பட்ட ஏதோ ஓர் இணைப்பில் பச்சை ஏறியிருக்கிறது. அதை அன்றே தேடிப் பிடிக்க வேண்டும்.