இழுக்கும் சக்கரமும் தள்ளும் சக்கரமும்

மாடு வண்டியை முன்னின்று இழுக்கிறது. மனிதன் தள்ளுவண்டியைப் பின்னின்று தள்ளுகிறான். மகிழுந்துகளிலும் இவ்விரு முறைகள் உண்டு. நெடுங்காலம் இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசிடரும் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பின்சக்கர இயக்கம் உடையவை. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முன்சக்கர இயக்கத்தைப் பரவலாக்கியது.

இவ்வேறுபாடு மழைநாளில் நன்கு புலப்படும். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை செல்லும் ஈரச்சாலையில் ஒரு வளைவை எண்ணிப் பாருங்கள். சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது. முன்சக்கர இயக்கத்தில் இழுத்தல், திரும்புதல் ஆகிய இரு பணிகளையும் முன்சக்கரங்களே ஏற்கின்றன. விசை மிகுந்தால் பிடிப்புத் தளர்ந்து, வண்டி வளையாமல் வெளிப்புறம் விலகும். பின்சக்கர இயக்கத்தில் பணி பகிரப்படுகிறது. எனினும் விசை மிகுந்தால் பின்பகுதி வழுக்கி, வண்டி சுழல முற்படும்.

முன்னதில் முடுக்கியை மெல்லத் தளர்த்த வேண்டும். திசைமாற்றியை மேலும் ஒடிப்பது பயன்தராது. பின்னதில் முடுக்கியைத் தளர்த்துவதோடு, பின்பகுதி வழுக்கும் திசையிலேயே திசைமாற்றியைத் திருப்ப வேண்டும்.

இயந்திரத்தின் எடை முன்சக்கரங்களை அழுத்துவதால், சேற்றிலிருந்து புறப்பட முன்சக்கர இயக்கம் உதவும். சுமையுடன் மேடேறுகையில் எடை பின்னோக்கிச் சாய்வதால், பின்சக்கர இயக்கம் வலுப்பெறும். எம்முறையாயினும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பவரே நலமாக ஊர் சேர்வர்.

கற்பவை கற்றபின்: உங்கள் ஊர்ப் பேருந்தை இயக்குபவை எச்சக்கரங்கள்? காரணம் கூறுக.