நகராட்சியும் நமது கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர், தாம் வாழும் ஊரின் அங்கத்தினரும் ஆவார். சங்கத்தின் பற்று வரவைக் கேட்டறியும் நாம், ஊரின் பற்று வரவைக் கேட்டறிவதில்லை. இக்குறையைக் கருதியே இம்மாதப் பாடம் எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் தோன்றியது. அத்திரூருக்கு அண்மையிலுள்ள திருநின்றவூர், பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரி 19ஆம் நாள் அதன் 27 வார்டுகளுக்கும் முதல் நகர்மன்றத் தேர்தல் நடந்தது. பெயர் மாறியதால் பயன் தானே வந்து சேர்ந்துவிடுமா? சங்கத்தில் பங்குத் தொகை கட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோருக்கு நேர்வதே இங்கும் நேரும்.

1. வரி

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்தப்படுவது. முதல் அரையாண்டு ஏப்ரலிலும் இரண்டாவது அக்டோபரிலும் தொடங்குகின்றன. அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டுக்கு 1,200 ரூபாய் வரி செலுத்தும் ஒரு நெசவாளர், காலத்தில் கட்டினால் ஆண்டுக்கு 120 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். தாமதித்தாலோ மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். கடன் தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அறிந்த நமக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

வரி கேட்புச் சீட்டு வந்தவுடன் கட்டடத்தின் பரப்பளவும், குடியிருப்பா, வணிகமா, தொழிலா என்னும் வகையும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா எனச் சரிபார்த்தல் அவசியம். 2022இல் வரி உயர்த்தப்பட்டபோது, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் உயர்வு விதிக்கப்பட்டது. பரப்பளவில் ஏற்படும் ஒரு பிழை எவ்வளவு சுமையாகும் என்பது இதனால் விளங்கும்.

2. பிறப்பும் இறப்பும்

பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. குடியிருக்கும் ஊரில் அன்று, நிகழ்ந்த ஊரிலேயே பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்ததை மருத்துவமனையார் தெரிவிப்பர். வீட்டில் நிகழ்ந்ததைக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்தால் அதிகாரம் பெற்ற நடுவரின் உத்தரவு பெற்றாக வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிற காரியங்களுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம்.

சங்கத்துக்கும் இதில் தொடர்புண்டு. அங்கத்தினர் ஒருவர் காலமானால், அவருடைய பங்குத் தொகையையும் வைப்புத் தொகையையும் நியமனதாரர் பெறுவதற்கு இறப்புச் சான்று வேண்டும். அது இல்லாமையால் விதவைகள் பலமுறை நடக்க நேருவது தடுக்கக்கூடிய துன்பமாகும்.

3. யாரிடம் கேட்பது?

தெருவிளக்கு, குப்பை, குடிநீர், தெரு வடிகால் ஆகியவை நகராட்சியைச் சார்ந்தவை. மின்தடை மின்வாரியத்தாரிடமும், பட்டா வருவாய்த் துறையாரிடமும், குடும்ப அட்டை வழங்கல் இலாகாவிடமும் கேட்கத் தக்கவை. ஏரியின் கரையும் மதகும் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆயினும் ஏரிநீர் பெருகித் தெருவில் புகும்போது இரு இலாகாக்களுக்கும் மனு எழுத வேண்டும். எழுத்தால் கேட்க வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்மொழி முறையீட்டுக்குச் சாட்சி இல்லை.

4. பகுதி சபை

ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அப்பகுதி வாக்காளர் அனைவரும் கூடும் சபைக்கு 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமத்தாருக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்தாருக்கு இது அப்படி. எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் வேண்டும் என்பதை மக்களே எடுத்துரைக்க இதில் இடமுண்டு. சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வராதவர் பின்னர் தீர்மானத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. பகுதி சபைக்கும் அதுவே நியாயம்.

திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர். அன்பினால் கோயிலை மனத்தில் எழுப்பலாம். வடிகாலை அவ்வாறு எழுப்ப முடியாது. அதற்கு வரியும், மனுவும், கூடிப் பேசும் வழக்கமும் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. நம் அங்கத்தினரில் எத்தனை பேர் அரையாண்டின் முதல் மாதத்திலேயே வரி செலுத்தினர்?
2. நியமனதாரர் பெயர் பதியாதவர் எவரெவர்?
3. நம் பகுதி சபை கடைசியாகக் கூடியது எப்போது? நம்மில் சென்றவர் எத்தனை பேர்?