மாற்றிய சிறுநீரகம் தொழிற்படாதபோது: நிர்ப்பீடனமும் ஸ்டீரொயிட் மருந்துகளும்

மாணவர்களே, நோயாக்கிகளிலிருந்து எம்மைக் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதியே, உயிர்காக்கப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அதற்கு இரண்டுமே அந்நியப் பொருள்கள்தாம். வழங்கியவரின் கலங்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் வேறுபடுவதால், ரீ-நிணநீர்க்குழியங்கள் அவற்றை இனங்கண்டு பெருகித் தாக்கும். இதுவே நிராகரிப்பு.

1954 டிசெம்பர் 23 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வைத்தியர் ஜோசப் மரேயின் குழுவினர், ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய ஒத்த இரட்டைச் சகோதரருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினர். பரம்பரையலகுகள் ஒத்திருந்தமையால் நிராகரிப்பு ஏற்படவில்லை. ஏனையோருக்கு என்ன வழி? 1963 இல் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்சல், அசதயோபிரினுடன் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீரொயிட்டையும் கொடுத்து, தொடங்கிவிட்ட நிராகரிப்பையே பின்வாங்கச் செய்யலாம் எனக் காட்டினார்.

இம்மருந்து அதிரினற் சுரப்பி சுரக்கும் கோட்டிசோல் ஓமோனை ஒத்தது. (விளையாட்டு வீரர் சிலர் தவறாகப் பயன்படுத்தும் ஸ்டீரொயிட் வேறு வகை; குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அது கலத்தினுள் சென்று, நிணநீர்க்குழியங்களைப் பெருகத் தூண்டும் இன்ரலூக்கின்-2 போன்ற புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கும். இதனால் தொற்றுநோய்கள் இலகுவில் பற்றும். குருதி வெல்லம் கூடலாம், என்பு நலிவடையலாம். எனினும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நிராகரிப்பு ஏற்படுவதோடு, நெடுநாள் ஓய்ந்திருந்த அதிரினற் சுரப்பியால் உடனே போதிய கோட்டிசோலைச் சுரக்கவும் முடியாது.

இனி, பலர் தவறவிடும் பகுதி. பொருத்திய முதல் நாட்களில் சிறுநீர் குறைந்து, குருதியில் கிரியற்றினின் உயர்ந்தால் அது நிராகரிப்பு என்றே முடிவுசெய்தல் கூடாது. வழங்கியவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் குளிரூட்டிய கரைசலில் குருதியோட்டமின்றி இருந்த வேளையில், ஒட்சிசன் கிடைக்காமல் சிறுநீரகத்திகளின் குழாய்க் கலங்கள் பாதிப்படைந்திருக்கலாம். குருதிக்குழாயில் அடைப்போ சிறுநீர்க்கானில் தடையோ கூட இருக்கலாம். வெளி அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வைத்தியர்கள் ஸ்கான் செய்வதுடன், தேவைப்படின் ஊசியால் சிறு இழையத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பர். நிராகரிப்பாயின் வழமையாக மெதைல்பிரெட்னிசொலோன் அதிக அளவில், சில நாட்களுக்கு நாளத்தினூடாக ஏற்றப்படும்.

மாதிரி வினா: சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஒருவருக்கு மூன்று நாட்களாகச் சிறுநீர் மிகக் குறைவு. இழைய மாதிரியில் குழாய்க் கலங்கள் சிதைந்துள்ளன. நிணநீர்க்குழியங்களின் ஊடுருவலோ பிறபொருளெதிரித் தாக்கத்தின் அடையாளமோ இல்லை. ஸ்டீரொயிட்டின் அளவைக் கூட்டுவது பயன் தருமா?

விடை: தராது. பாதிப்புக்குக் காரணம் ஒட்சிசன் பற்றாக்குறையே, நிர்ப்பீடனத் தாக்கமன்று. அளவைக் கூட்டினால் தொற்று அபாயமே கூடும். குழாய்க் கலங்கள் புதுப்பிக்கப்படும் வரை, சில நாட்களோ வாரங்களோ, குருதிச் சுத்திகரிப்புச் செய்து காத்திருத்தல் வேண்டும். வழமையான நிர்ப்பீடன அடக்கி மருந்துகள் தொடரப்படும்.